தறிச் சத்தம் பிடித்த கதை

எங்கள் முதல் படத்தை வகுப்பில் போட்டுக் காட்டியபோது கடைசி பெஞ்சிலிருந்து ஒரு கேள்வி வந்தது. "இது ஃபேன் பத்தின படமா?"

படம் கைத்தறி பற்றியது. எட்டு நிமிடம் ஓடும். தறி நெய்யும் ஒரு தாத்தா பேசுகிறார், உதடு அசைகிறது, ஆனால் காதில் விழுவதெல்லாம் அவர் தலைக்கு மேல் சுற்றும் மின்விசிறிதான். சிரித்தவர்களைக் குறை சொல்ல முடியாது. நானே ஒரு இடத்தில் சிரித்துவிட்டேன்.

பிளஸ் ஒன் சேர்ந்த புதிதில் பள்ளி மீடியா கிளப்பில் பெயர் கொடுத்திருந்தேன். ஆகஸ்ட் 7 தேசியக் கைத்தறி நாள். அதற்குள் குழுவுக்கு ஒரு ஆவணப்படம் எடுத்து வாருங்கள் என்று பொறுப்பாசிரியை சொல்லிவிட்டார். பரமக்குடிக்காரர்கள் தறியைத் தேடி அலைய வேண்டியதில்லை. வைகைப் பாலத்தைத் தாண்டினால் எமனேசுவரம். எங்கள் நால்வரில் ஒருத்திக்கு அங்கேதான் தாத்தா வீடு. சௌராஷ்டிரக் குடும்பம். வீட்டின் முன்கட்டிலேயே குழித்தறி இருந்தது. வேறு இடம் யோசிக்கவே இல்லை.

வேலைப் பிரிவினையும் சீக்கிரமே முடிந்தது. கேமரா ஒருத்தி, எழுதுவது ஒருத்தி, கேள்வி கேட்பது பேத்தி. சவுண்டும் எடிட்டிங்கும் கேட்பாரில்லாமல் கிடந்தன, எனக்கு வந்தன. கேமரா என்றால் தோழியின் அண்ணன் போன். ட்ரைபாட் பள்ளியுடையது, ஒரு கால் மட்டும் மெதுவாக உள்ளே இறங்கிக்கொண்டே இருக்கும், ரப்பர் பேண்ட் போட்டு இறுக்கினோம். எடிட் பண்ண, அக்கா பிளஸ் டூ படித்தபோது அரசு கொடுத்த லேப்டாப். 4 ஜிபி ராம்.

முதல் தடவை மைக் எதுவும் இல்லை. போனிலேயே படமும் சத்தமும். அதில் என்ன தப்பு நடந்தது என்று புரிந்துகொள்ள எனக்கு ஒரு வாரம் பிடித்தது. தாத்தாவுக்கும் போனுக்கும் நடுவில் எட்டடி. ஃபேனுக்கும் போனுக்கும் ஏறக்குறைய அதே எட்டடி. அந்த அறையில் நிற்கும்போது எனக்கு ஃபேன் சத்தம் தெரியவே இல்லை, ஏனென்றால் நம் காது தனக்கு வேண்டியதை மட்டும் பொறுக்கிக்கொள்ளும். மைக்குக்கு அந்த விவரம் கிடையாது. அதற்குத் தாத்தாவும் ஃபேனும் ஒன்றுதான். தீர்வு என்னவோ எளிதானதுதான்: மைக்கைப் பேசுகிறவர் பக்கத்தில் கொண்டுபோக வேண்டும். தூரம் பாதியாகும் ஒவ்வொரு தடவையும் குரல் சுமார் 6 டெசிபல் கூடும். எட்டடியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்கு வந்தால் 20 டெசிபல்வரை கூடும். ஃபேன் மட்டும் இருந்த அளவிலேயே இருக்கும். நல்ல மைக் வாங்கக் காசு இல்லாதவர்கள் முதலில் செய்ய வேண்டியது மைக்கை நகர்த்துவதுதான் என்று இப்போது ஜூனியர்களிடம் சொல்லிக்கொண்டு திரிகிறேன்.

இரண்டாவது கோளாறு இன்னும் விசித்திரமானது. தறியின் சத்தம் ஒரே சத்தம் இல்லை. மிதியை மிதிக்கும்போது மரம் லேசாக முனகும். கயிற்றைச் சுண்டியதும் நாடா, அதாவது குறுக்கு நூலைச் சுமந்து ஓடும் கட்டை, 'சர்'ரென்று இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் ஓடும். அப்புறம் சீப்பு மாதிரி இருக்கும் அச்சு வந்து 'டக்'கென்று அந்த ஊடை நூலை அடித்துச் சேர்க்கும். நேரில் கேட்டால் மூன்றும் தனித்தனியாகத் தெரியும். எங்கள் ரெக்கார்டிங்கில் 'டக்' மட்டும் இருந்தது. 'டக்' முடிந்த அடுத்த நொடி ஃபேன் சத்தம் அலை மாதிரி பொங்கி எழும், மறுபடி 'டக்', ஃபேன் அமுங்கும், மறுபடி பொங்கும். தறி ஃபேனை அடித்து அடித்துப் படுக்கவைப்பது போல இருந்தது.

போன் தானாகவே சத்தத்தின் அளவைக் கூட்டிக் குறைப்பதுதான் காரணம். பெரிய சத்தம் வந்தால் பயந்து குறைத்துக்கொள்ளும், அமைதியானால் ஏதாவது கேட்கிறதா என்று கூட்டிப் பார்க்கும். போனில் பேசும்போது அது வசதி. தறிக்கு அது எமன். நாடாவின் 'சர்'ரை இரைச்சல் என்று நினைத்து வடிகட்டியும் விட்டிருந்தது. ஓப்பன் கேமரா என்ற இலவசச் செயலியில், வீடியோ அமைப்புகளுக்குள் ஆடியோ சோர்ஸ் என்று ஒன்று இருக்கிறது. அதில் 'அன்ப்ராசஸ்டு', அதாவது போன் கை வைக்காத சத்தம், என்பதைத் தேர்ந்தெடுத்தேன். எல்லா போனிலும் அது வேலை செய்வதில்லை. அண்ணன் போனில் செய்தது. வீட்டுத் தையல் மெஷினை ஓடவிட்டு இரண்டு விதமாகவும் ரெக்கார்டு பண்ணிக் கேட்டதில் வித்தியாசம் நன்றாகவே தெரிந்தது.

சரி, மைக். பள்ளி அலமாரியில் ஒரு பழைய காலர் மைக் கிடந்தது. வயர், போனில் செருகும் பின்னுக்குள் நுழையும் கழுத்தில் உடைந்திருந்தது. ஆட்டினால் வரும், விட்டால் போகும். பஸ் ஸ்டாண்டு பக்கம் இருக்கும் ஒரு செல்போன் சர்வீஸ் கடையில் புதுப் பின் வாங்கி, கடை அண்ணனின் சால்டரிங் அயர்னைக் கடன் கேட்டு நானே வைத்தேன். உள்ளே இருந்த கம்பி தலைமுடி மாதிரி, செம்பு நிறம். எவ்வளவு ஈயம் வைத்தாலும் ஒட்டாமல் உருண்டு ஓடியது. அண்ணன் பார்த்துவிட்டு, "அது மேல வார்னிஷ் இருக்கும்மா, முதல்ல அதை எரி" என்றார். சால்டரிங் பேஸ்ட்டில் தொட்டு, சூடான முனையில் கொஞ்ச நேரம் வைத்திருந்தால் புகைந்து மேல்பூச்சு போய்விடும், அப்புறம் ஈயம் தானாக ஏறிக்கொள்ளும். அன்றைக்கு அந்த இருபது நிமிடம்தான் என் முகத்தில் கொஞ்சம் பெருமை இருந்திருக்கும்.

வீட்டுக்கு வந்து அம்மாவின் பழைய போனில் செருகினேன். அதில்தான் 3.5 மி.மீ. துளை இருந்தது. ரெக்கார்டும் ஆனது. தங்கச்சியைப் பேச வைத்துக் கேட்டேன், நன்றாகவே இருந்தது. மறுநாள் ஞாயிறு, தாத்தா வீட்டுக்குப் போய் நாற்பது நிமிடப் பேட்டி எடுத்தோம். இரவு ஹெட்போனில் கேட்டால் மறுபடியும் கிணற்றுக்குள்ளிருந்து வரும் குரல். காலர் மைக் தாத்தாவின் பனியனில் சும்மா தொங்கியிருக்கிறது. பேட்டி முழுவதையும் ரெக்கார்டு பண்ணியது ஜன்னல் திட்டில் வைத்திருந்த போனின் சொந்த மைக்.

காரணம் நான் வாங்கிய பின். பின்னில் உள்ள கறுப்பு வளையங்களை எண்ணிப் பாருங்கள். இரண்டு வளையம் இருந்தால் அது பாட்டு கேட்க மட்டும். மூன்று வளையம் இருந்தால்தான் போனுக்கு மைக் என்று ஒன்று வந்திருப்பது தெரியும். நான் வைத்தது இரண்டு வளையம். மறுபடி கடைக்கு. இந்தத் தடவை மூன்று வளையம். மைக் கம்பி வயரை ஒட்டிய கடைசிப் பாகத்தில், எர்த் கம்பி அதற்கு மேலே உள்ளதில், மீதி இரண்டும் சும்மா. வேலை செய்கிறதா என்று பார்க்க ஆளைப் பேச வைக்கக் கூடாது என்பதையும் அன்றுதான் கற்றேன். பேச்சு எந்த மைக்கிலும் விழும். ஹெட்போன் இல்லாவிட்டால்கூட, சின்னதாக ஒரு டெஸ்ட் ரெக்கார்டிங்கில் மைக்கின் தலையை நகத்தால் சுரண்ட வேண்டும். கேட்கும்போது 'கறக் கறக்' என்று காதைக் கிழித்தால் சரியான மைக். இப்போது கிளப்பில் எல்லோரும் சுரண்டிவிட்டுத்தான் ஆரம்பிக்கிறோம்.

மூன்றாவது முறையாகத் தாத்தா வீட்டு வாசலில் நின்றபோது கூச்சமாக இருந்தது. அவர் கூலிக்கு நெய்கிறவர். நாங்கள் போய் உட்காரும் ஒவ்வொரு மணி நேரமும் தறி நிற்கிறது, அவருக்கு வரும்படி நிற்கிறது. முதல் நாள் "தாத்தா, இன்னொரு தடவை நாடாவை ஓட்டுங்க" என்று எத்தனை முறை கேட்டோம் என்று நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது. பொறுப்பாசிரியை ஒரே ஒரு யோசனைதான் சொன்னார்: அவர் நெய்யட்டும், நீங்கள் உங்கள் இடத்தைத் தேடிக்கொள்ளுங்கள். அப்படியே செய்தோம். பேட்டியை மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் அவர் காலை நீட்டி உட்காரும் அரைமணி நேரத்துக்கு மாற்றினோம்.

பனியனில் மைக்கைக் குத்தினால் துண்டு உரசிச் சரசரக்கும். மருந்துக்கடை பிளாஸ்டரை இரண்டாக மடித்து, பனியனுக்கு உள்பக்கமாக மைக்கை ஒட்டினேன். சத்தத்தின் அளவு மைனஸ் 12 டெசிபல் அருகில் ஏறி இறங்கும்படி வைத்துக்கொண்டேன். பூஜ்யத்தைத் தொட்டால் குரல் உடைந்து கரகரத்துவிடும், அதை அப்புறம் எதுவும் செய்ய முடியாது. ஃபேனை அணைக்கச் சொன்னோம். ஜூலை மாதம், மதியம் இரண்டு மணி. பாட்டி அடுக்களை வாசலில் நின்று எங்களை ஒரு பார்வை பார்த்தார்.

கேமராக்காரிக்கு அன்று தனித் தலைவலி. முன்கட்டில் பழைய ட்யூப்லைட். போன் திரையில் கறுப்புப் பட்டைகள் மேலிருந்து கீழாக மெதுவாக நகர்ந்துகொண்டே இருந்தன. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதனால் அந்த விளக்கு நொடிக்கு 100 தடவை மங்கிப் பிரகாசிக்கும். கண்ணுக்குத் தெரியாது. ஷட்டர், அதாவது ஒரு ஃபிரேம் வெளிச்சம் வாங்கும் நேரம், 1/60 நொடியில் இருந்தால் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் வெளிச்சம் கூடக்குறைய விழும், பட்டை நகரும். 1/50 அல்லது 1/100 என்று கையால் மாற்றிவிட்டால் பட்டை போய்விடும். ஃபிரேம் ரேட்டை நொடிக்கு 25 ஆக வைக்க அந்தப் போன் விடவில்லை. 30-லேயே விட்டு, ஷட்டரை மட்டும் 1/50-க்கு மாற்றினாள், சரியாகிவிட்டது. எதிர்பாராத இன்னொரு லாபமும் கிடைத்தது. முதல் நாள் வாசல் வெளிச்சத்தில் ஷட்டர் தானாகவே வேகமாகப் போயிருந்தது. நாடா ஓடாமல், இங்கே ஒன்று நடுவில் ஒன்று அங்கே ஒன்று என்று தத்தித் தத்திப் போனது. 1/50-இல் அது கோடாக இழுபட்டு, ஓடுவது போலவே ஓடியது.

பேட்டி முடிந்தது. ரூம் டோன் எடுக்க வேண்டும். அதாவது யாரும் பேசாமல் அந்த அறையின் வெறும் சத்தத்தை ஒரு நிமிடம் பிடித்து வைத்துக்கொள்வது. பேச்சின் நடுவில் வெட்டும் இடங்களில் அதை நிரப்பாவிட்டால் சத்தம் திடீரென்று செத்துப்போன மாதிரி இருக்கும். "தாத்தா, ஒரு நிமிசம் அப்படியே இருங்க, பேசாதீங்க" என்று சொல்லிவிட்டு, நாங்களும் சத்தம் போடக்கூடாது என்று நான்கு பேரும் திண்ணைக்கு வந்துவிட்டோம். தாத்தாவின் காதில் 'முடிஞ்சது' என்று விழுந்திருக்கிறது. உள்ளே ஃபேன் சுற்றும் சத்தம் கேட்டது. பாட்டி பேசும் குரல் கேட்டது. போச்சு ரூம் டோன், என்று நினைத்துக்கொண்டேன்.

எடிட்டிங் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கேடென்லைவ் என்ற இலவச மென்பொருள். 4 ஜிபி ராமில் அசல் க்ளிப்பைத் தொட்டாலே உறைந்துவிடும், ப்ராக்ஸி, அதாவது தரம் குறைத்த நகல், போட்டுத்தான் வேலை செய்ய முடியும். இதற்கு மேல் அதில் சுவாரசியம் ஒன்றுமில்லை. ஒரு சிக்கல் மட்டும் இரண்டு நாளைத் தின்றது. படம் ஒரு போனில், குரல் இன்னொரு போனில். ஆரம்பத்தில் கை தட்டி, அந்தத் தட்டலை வைத்து இரண்டையும் பொருத்தினேன். முதல் நிமிடம் உதடும் குரலும் சேர்ந்து போயின. பதினோராவது நிமிடத்தில் தாத்தா வாயைத் திறப்பதற்கு அரை நொடி முன்பே பேசிவிட்டார். போன் கேமரா நொடிக்குச் சரியாக 30 ஃபிரேம் எடுப்பதில்லை. வெளிச்சத்துக்கும் சூட்டுக்கும் ஏற்பக் கூட்டிக் குறைத்துக்கொள்ளும். ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றும் மென்பொருளில் எல்லா க்ளிப்பையும் 'கான்ஸ்டன்ட் ஃபிரேம்ரேட்', அதாவது மாறாத ஃபிரேம் எண்ணிக்கை, என்று மாற்றி, இரவு முழுக்க லேப்டாப்பை ஓடவிட்டேன். காலையில் பொருந்தியது. எடிட் ஆரம்பிப்பதற்கு முன்பே செய்திருக்க வேண்டிய வேலை.

இன்னொரு தப்பு படத்தில். முன்னாலிருந்து எடுத்ததில் நாடா இடமிருந்து வலமாக ஓடுகிறது. கேமராக்காரி தாத்தாவின் முதுகுப் பக்கம் போய் எடுத்ததில் அதே ஓட்டம் வலமிருந்து இடம். இரண்டையும் அடுத்தடுத்து ஒட்டினால் நாடா பாதி வழியில் மனம் மாறித் திரும்பி வருகிற மாதிரி இருக்கிறது. நடுவில் மிதியின்மேல் தாத்தாவின் கால்விரல்கள் அழுந்தும் ஷாட்டை ஒரு நொடி வைத்தேன். அப்புறம் யாருக்கும் உறுத்தவில்லை.

முதல் படத்தில் இருந்த பின்னணிக் குரலையும் தூக்கிவிட்டோம். 1905 சுதேசி இயக்கத்தின் நினைவாக 2015-இல் கைத்தறி நாள் அறிவிக்கப்பட்டது, முதல் விழா சென்னையில் நடந்தது என்றெல்லாம் ஒன்றரை நிமிடம் ஓடியது. எல்லாம் உண்மைதான். எழுதியவள் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. ஆனால் அந்த வரிகளைக் கேட்க அந்த வீட்டுக்குப் போயிருக்க வேண்டியதே இல்லை. அதற்குப் பதில் படம் இருட்டில் தொடங்குகிறது, மிதியின் முனகல் முதலில், நாடா அடுத்து, அச்சு கடைசியில், அதன் பிறகுதான் வெளிச்சம்.

அப்படிச் சத்தங்களைத் தேடிக்கொண்டிருந்தபோதுதான் அந்தக் கெட்டுப்போன ரூம் டோனைத் திறந்தேன். மைக் இன்னும் தாத்தாவின் பனியனுக்குள்ளேயே இருந்திருக்கிறது. ஃபேன் கிளம்புகிறது. பாட்டி சௌராஷ்டிர மொழியில் ஏதோ கேட்கிறார், கொஞ்சம் அதட்டலாக. தாத்தா ஒற்றை வார்த்தையில் பதில் சொல்கிறார். பாட்டி மறுபடி. தாத்தா வெகு நேரம் பேசாமல் இருக்கிறார், மூச்சு மட்டும் கேட்கிறது. அப்புறம் ஒரு சின்னச் சிரிப்பு. எனக்கு ஒரு சொல்கூடப் புரியவில்லை. ஆனால் நாற்பது நிமிடப் பேட்டியில் அந்தக் குரலில் அவர் ஒரு முறைகூடப் பேசவில்லை என்பது மட்டும் தெரிந்தது. எங்களிடம் அவர் பேசிய தமிழ், விழாவுக்குச் சட்டை மாட்டிக்கொண்ட தமிழ்.

பேத்தியை அழைத்து ஹெட்போனைக் கொடுத்தேன். "சும்மா பேசிக்கிறாங்க" என்றாள். இரண்டாவது முறை கேட்டாள். மூன்றாவது முறை கேட்டுவிட்டு ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். பாட்டி சொன்னது இது: பக்கத்து வீட்டில் தறியைப் பிரித்துக் கொண்டுபோன அன்றைக்கு நீ ரெண்டு ராத்திரி தூங்கவில்லையே, சத்தமே இல்லை சத்தமே இல்லை என்று புரண்டுகொண்டு கிடந்தாயே, அதை ஏன் பிள்ளைகளிடம் சொல்லவில்லை? தாத்தாவின் பதில்: அதெல்லாம் படத்துக்கு எதற்கு. அவளுக்கும் அந்தக் கதை தெரியாதாம்.

இந்த இடத்துக்குப் படம் கிடையாது. கேமரா அணைந்துவிட்டது. சாயங்காலம் தறி நின்றபின் கேமராக்காரி ஏதோ நினைத்து எடுத்து வைத்த ஒரே ஷாட் இருந்தது: பாவு நூல்களின் நடுவே பாதியில் நிற்கும் நாடா, அசையாத கயிறு. முப்பத்தைந்து நொடி. பேச்சும் ஏறக்குறைய அதே நீளம். வைத்துப் பார்த்தோம், தமிழில் எழுத்து போட்டோம். யாரும் எதையும் மாற்றச் சொல்லவில்லை.

ஆனால் கேட்காமல் பிடித்த பேச்சு அது. போய்க் கேட்டே ஆக வேண்டும் என்று பேத்தி பிடிவாதமாக இருந்தாள். லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு நான்காவது முறையாகப் போனோம். தாத்தாவும் பாட்டியும் ஆளுக்கொரு காதில் ஹெட்போனை வைத்துக்கொண்டு கேட்டார்கள். பாட்டி முந்தானையால் வாயை மூடிக்கொண்டார், சிரிப்பா வேறு ஏதாவதா என்று தெரியவில்லை. தாத்தா முடிகிறவரை தறியையே பார்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் நால்வரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"வச்சுக்கங்க" என்றார் கடைசியில். கொஞ்ச நேரம் கழித்து, "ஆனா பாப்பா, அந்த ஃபேன் சத்தம் ரொம்பக் கேக்குதே. அதைக் குறைக்க முடியாதா?"

அன்று இரவு ஆடாசிட்டி என்ற ஒலி எடிட்டிங் மென்பொருளில் ஃபேன் மட்டும் ஓடும் ஒரு நொடியை மாதிரியாகக் காட்டி, இரைச்சல் நீக்கத்தை 12 டெசிபலுக்கு வைத்தேன். ஃபேன் போய்விட்டது, கூடவே தாத்தாவின் மூச்சும் போய், குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருகிற மாதிரி ஆகிவிட்டது. 9-க்கு இறக்கினேன். அப்புறம் 6. அதில் மூச்சு திரும்பி வந்தது, ஃபேனும் கொஞ்சம் வந்தது. அப்படியே விட்டுவிட்டேன்.